அம்மாவின் கால் ஆபரேஷனுக்கு நரம்பு பிளாக்: அல்சூர் மகன் ஒருவருக்குப் பதில்

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 63 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஒன்றரை வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வலது கால் பெருவிரல் இரண்டாவது விரல் பக்கம் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளியே புடைத்து, செருப்பு உரசி இரண்டு முறை புண்ணாகிவிட்டது. எலும்பை வெட்டி நேராக்க வேண்டுமாம். முழு மயக்கம் வேண்டாம், முழங்காலுக்குப் பின்னால் நரம்புக்கு ஊசி போட்டால் போதும் என்று மயக்க மருந்து டாக்டர் சொல்லியிருக்கிறார். "நரம்பில் ஊசி போட்டால் கால் வராமல் போய்விடாதா? அம்மா முழிச்சிட்டு இருப்பாங்களே, அறுக்கிறது தெரியாதா?" என்பது இவருடைய பயம்.

நான் இதே பெங்களூரில் மயக்க மருந்து கொடுக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் டாக்டர் சொன்னது நல்ல யோசனை. இந்த இதயத்தோடும் இந்தச் சர்க்கரையோடும் என் அம்மா வந்திருந்தால் நானும் காலை மட்டும்தான் மரத்துப்போகச் செய்வேன். ஆனால் கேட்டுத் தெளிய வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. அவற்றில் பெரியது ஆபரேஷன் தியேட்டரில் நடப்பது இல்லை, அன்று ராத்திரி வீட்டில் நடப்பது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் பயத்தில் பாதி "நரம்பு" என்ற சொல்லில் இருந்து வருகிறது. நம் பேச்சில் நரம்பு என்றால் இரண்டு அர்த்தம். கையில் டிரிப் ஏற்றும்போது "நரம்பு கிடைக்கலை" என்கிறார்களே, அது ரத்தக்குழாய். நான் சொல்லும் நரம்பு வேறு. தொடு உணர்வையும் வலியையும் மூளைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுவரும் கயிறு அது. இன்னொன்று, ஊசி நரம்புக்கு "உள்ளே" போடப்படுவதில்லை. நரம்பைச் சுற்றி மருந்து தேங்கும்படி பக்கத்தில் போடுகிறோம். மருந்து மெல்ல உள்ளே ஊறி, நரம்பின் சுவரில் சோடியம் போய்வரும் வாசல்களை அடைத்துவிடும். வாசல் அடைபட்டால் மின் செய்தி நகராது, வலி மூளைக்குப் போய்ச் சேராது. சில மணி நேரத்தில் ரத்த ஓட்டம் மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும், வாசல் திரும்பத் திறக்கும். இந்த வித்தை புதியதும் இல்லை. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற கண் மருத்துவர் கொக்கெய்னால் கண்ணை மரத்துப்போக வைக்கலாம் என்று காட்டினார். நரம்பைத் தேடி மருந்து போடும் வேலை அதை ஒட்டியே தொடங்கிவிட்டது. இன்று போடும் மருந்துகள் அந்த ஆபத்தான கொக்கெய்னிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டன.

இப்போது அம்மாவின் பாதத்தை மனதில் கொண்டுவாருங்கள். பாதத்துக்கு உணர்வு கொடுப்பது ஐந்து நரம்புகள். உள்ளங்காலும் குதிகாலும் டிபியல் நரம்பின் பங்கு. அது உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால், துடிக்கும் ரத்தக்குழாயை ஒட்டி இறங்குகிறது. ஹவாய் செருப்பின் வார் நுழைகிறதே, பெருவிரலுக்கும் மெட்டி போடும் விரலுக்கும் நடுவில், அந்தச் சின்ன இடம் முழுக்க ஆழ்ந்த பெரோனியல் நரம்புக்குச் சொந்தம். பாதத்தின் மேல்புறம் மேலோட்டப் பெரோனியல், சுண்டுவிரல் ஓரம் சூரல். கொலுசு உட்காரும் உள்பக்கக் கணுக்கால் சஃபீனஸ், சிலருக்கு அது பெருவிரல் அடிமூட்டு வரைக்கும்கூட நீளும். இந்த ஐந்தில் நான்கு சியாட்டிக் என்ற பெரிய நரம்பின் கிளைகள். சஃபீனஸ் மட்டும் தொடை முன்பக்கத்து ஃபெமரல் நரம்பிலிருந்து வருகிறது. வேரே வேறு.

இது தெரிந்தால் டாக்டர் சொன்னது புரியும். கணுக்காலில் ஐந்து நரம்பையும் தனித்தனியாகப் பிடிக்கலாம், அது ஆங்கிள் பிளாக். அல்லது முழங்காலுக்குப் பின்குழியில், சியாட்டிக் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரே ஊசியில் நான்கையும் பிடித்துவிட்டு, சஃபீனஸுக்கு மட்டும் தொடையின் உள்பக்கம் இன்னொரு ஊசி போடலாம். இந்தப் பின்குழி ஊசிதான் பாப்ளிட்டியல் பிளாக்.

இரண்டில் எது? இங்கே என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். குதிகால் எலும்பு உடைந்து பிளேட் வைப்பது, கணுக்கால் மூட்டுக்குள் வேலை செய்வது என்றால் பாப்ளிட்டியல்தான். பெருவிரல் எலும்புக்கு ஆங்கிள் பிளாக் பெரும்பாலும் போதும். காரணம், பாதத்தை மேலே தூக்கும் தசைகள் பாதத்தில் இல்லை, முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் இருக்கின்றன. பின்குழியில் மருந்து போட்டால் அந்தத் தசைகளும் தூங்கிவிடும், பாதம் தொங்கும். கணுக்காலில் போட்டால் தசை விழித்திருக்கும், அம்மா அன்றைக்கே குதிகாலை ஊன்றி, அதற்கென்று கொடுக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு பாத்ரூம் போய்வர முடியும். அல்சூரில் லிஃப்ட் இல்லாத வீட்டில் இரண்டாவது மாடி என்று எழுதியிருந்தீர்கள். அங்கே இந்த வித்தியாசம் பெரியது.

ஆனாலும் உங்கள் டாக்டர் பின்குழியைத் தேர்ந்தெடுத்ததற்கு நியாயமான காரணம் இருக்கலாம். சர்க்கரைக்காரர் பாதத்தில் ஐந்து இடத்தில் குத்த வேண்டாம், பழைய புண் பக்கத்தில் ஊசி போக வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். சீழ் பிடித்த இடத்துக்கு அருகே மரத்துப்போகும் மருந்து சரியாக வேலையும் செய்யாது, அங்கே திசு அமிலமாகிவிடும். பின்குழி ஊசியின் வலி நிவாரணம் அதிக நேரம் நிற்கும் என்ற கணக்கும் இருக்கலாம். ஆகவே சண்டைக்குப் போகிற மாதிரி கேட்க வேண்டாம். "டாக்டர், ஆங்கிள் பிளாக் போதுமா, இல்ல முழங்கால் பின்னாடியே போடணுமா? எங்க வீடு ரெண்டாவது மாடி" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்வியால் சந்தோஷப்படுவார்.

முதுகில் போடும் ஸ்பைனல் ஊசி ஏன் வேண்டாம் என்றார்கள்? ஸ்டென்ட் மாத்திரைதான் முதல் காரணமாக இருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஸ்பைனல் போட வேண்டுமானால் 5 முதல் 7 நாள் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். முதுகெலும்புக்குள் ரத்தம் கசிந்தால் வெளியிலிருந்து அழுத்த வழியில்லை, அடைபட்ட இடத்தில் தண்டுவடத்தை நசுக்கிவிடும். கணுக்காலிலோ பின்குழியிலோ கசிந்தால் கையால் அழுத்திப் பிடிக்கலாம். தவிர ஸ்பைனலில் இரண்டு காலும் மரத்து பிரஷர் இறங்கும், சிலருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஆபரேஷன் என்றதும் யாரோ சொன்னார்கள் என்று ஸ்டென்ட் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன், அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள். அல்ட்ராசவுண்ட் கருவியை முழங்காலுக்குப் பின்னால் வைப்பார்கள், ஜெல் சில்லென்று இருக்கும். திரையில் நரம்பு தேனடையை வெட்டி வைத்த மாதிரி தெரியும், சின்னச் சின்னக் கண்களோடு. நான் எப்போதும் "பாதத்த மேல தூக்குங்கம்மா, கீழ இறக்குங்க" என்பேன். அப்படி ஆட்டும்போது திரையில் சியாட்டிக்கின் இரண்டு கிளைகளும் பூங்காவின் சீசா பலகை மாதிரி, ஒன்று ஏற ஒன்று இறங்கும். எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்பது அப்போது துல்லியமாகத் தெரியும். ஊசியும் திரையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். மருந்து போகப் போக நரம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம் விரியும். அந்த வளையம் முழுதாகச் சுற்றி வருவதைப் பார்க்கும்வரை நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்.

பிறகு 15 முதல் 30 நிமிடம் காத்திருப்பு. அந்த நேரத்தை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஸ்பிரிட் பஞ்சால் காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்போம், சில்லென்ற உணர்வு போய்விட்டால் வலியும் போய்விட்டது என்று பொருள். தொடுவதும் இழுப்பதும் லேசாகத் தெரியலாம், அது பிளாக் வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் இல்லை. இதை முன்கூட்டியே அம்மாவுக்குச் சொல்லாவிட்டால், யாரோ காலைப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்ததுமே பதறிவிடுவார்கள். எலும்பு வெட்டும் ரம்பத்தின் சத்தம் கேட்கும். அது பிடிக்காதவர்களுக்கு லேசான தூக்க மருந்து கொடுப்போம், காதில் பாட்டு வைப்போம். ஐயப்பன் பாட்டு கேட்டபடியே முழு ஆபரேஷனையும் கடந்த பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

சில சமயம் ஏதோ ஒரு நரம்பு சரியாக மரக்காது. அப்போது அறுக்கும் இடத்தில் கூடுதல் ஊசி போடுவார்கள், அதுவும் போதாவிட்டால் முழு மயக்கத்துக்குப் போக வேண்டியிருக்கும். அதனால்தான் காலுக்கு மட்டும் ஊசி என்றாலும் வெறும் வயிறு கட்டாயம். சாப்பாடு 6 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும், தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். நம் வீடுகளில் மாட்டிக்கொள்வது காபியில்தான். "ஒரே ஒரு வாய் காபிதானே" என்று விடியற்காலையில் ஃபில்டர் காபி குடித்துவிட்டு வருவார்கள். பால் கலந்த காபி சாப்பாட்டுக் கணக்கில் சேரும். ஆபரேஷன் தள்ளிப்போகும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ அன்று காலை எவ்வளவு என்பதையும் முந்தின நாளே எழுதி வாங்குங்கள்.

மெட்டியை முந்தின ராத்திரியே சோப்பு போட்டுக் கழற்றிவிடுங்கள். பல வீடுகளில் அம்மாக்கள் இதற்குத் தயங்குவார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு விரல் வீங்கினால் மெட்டி விரலை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். அப்போது வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

நரம்புக்குச் சேதம் வருமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், வரலாம், மிக அரிதாக. சிலருக்கு ஒரு இடம் மதமதவென்று சில நாளோ சில வாரமோ இருந்து தானாகச் சரியாகிவிடும். நீண்ட நாள் நீடிக்கும் பாதிப்பு 10,000 பிளாக்குக்கு 2 முதல் 4 பேருக்கு என்ற அளவில்தான் இருக்கிறது. உங்கள் அம்மா விஷயத்தில் ஒரு கூடுதல் கவனம்: பன்னிரண்டு வருடச் சர்க்கரை பாத நரம்புகளை ஏற்கெனவே கொஞ்சம் தின்றிருக்கலாம். அப்படிப்பட்ட நரம்பில் பிளாக் வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்கலாம். ஆகவே ஆபரேஷனுக்கு முன் எந்த விரலில் இப்போதே உணர்ச்சி குறைவு என்று பரிசோதித்துக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு "இது முன்னாடியே இருந்ததா, ஊசியால வந்ததா" என்ற குழப்பம் வராது. இன்னொன்று, பிளாக் நீடிக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சேர்ப்பதுண்டு. சேர்த்தார்களா என்று கேளுங்கள், சேர்த்திருந்தால் ஓரிரு நாள் சர்க்கரை ஏறும், அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டும்.

நரம்புச் சேதத்தைவிட நான் அதிகம் விழிப்பாக இருப்பது மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் கலப்பதைப் பற்றித்தான். மரத்துப்போக வைக்கும் பியூபிவக்கெய்ன் மருந்து கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் 60 கிலோ எடைக்கு 120 மில்லிகிராம். 0.5 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம் இருக்கிறது, ஆக 24 மில்லியோடு எல்லை முடிந்தது. பின்குழிக்கு 20 மில்லி, தொடைக்கு 10 மில்லி என்று போட்டால் எல்லையைத் தாண்டிவிடும், அதனால் நீர்க்கச் செய்வோம் அல்லது ரோபிவக்கெய்ன் என்ற இன்னொரு மருந்தைப் போடுவோம். எடை சரியாகச் சொல்வது இதனால்தான் முக்கியம், உத்தேசமாகச் சொல்லாமல் எடை பார்த்துச் சொல்லுங்கள். மருந்து ரத்தத்தில் ஏறினால் முதலில் உதடும் நாக்கும் மரக்கும், வாயில் இரும்பு ருசி வரும், காதில் கொய்ங் என்று கேட்கும். அதையும் தாண்டினால் வலிப்பும் இதயத் தடுமாற்றமும். அதற்கு மாற்று மருந்தாக 20 சதவீதக் கொழுப்புத் திரவம் உண்டு, பார்க்கப் பால் மாதிரி இருக்கும். பிளாக் போடும் இடத்தில் அது தயாராக இருக்க வேண்டும்.

பெங்களூரில் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இந்த அறிகுறிகளை அம்மாதான் சொல்ல வேண்டும், அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். தியேட்டரில் கன்னடம், மலையாளம், இந்தி, இங்கிலீஷ் எல்லாம் கலந்து ஓடும். வலிக்கு மொழி தடையில்லை, கன்னடத்திலும் நோவு நோவுதான். மரத்துப் போவதற்கு அவர்கள் ஜோமு என்பார்கள், அது அம்மாவுக்குப் புரியாது. "காதுல கொய்ங்குது" என்று அம்மா சொன்னால் அது அவர்களுக்குப் புரியாது. உள்ளே தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருப்பாரா என்று முதல் நாளே கேளுங்கள், இந்த ஊரில் பெரும்பாலும் ஒருவர் கிடைப்பார். கிடைக்காவிட்டால், வாயிலோ காதிலோ வித்தியாசம் தெரிந்தால் உடனே கையைத் தூக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி, டாக்டரிடமும் அதைச் சொல்லிவையுங்கள். சம்மதப் படிவம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருக்கும். "இங்க கையெழுத்து போடுங்க" என்றதும் போடாதீர்கள், ஒருவரை உட்காரவைத்து அம்மாவுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எந்தக் கால் என்பதை அம்மாவே வாயால் சொல்ல வேண்டும். காலில் மார்க்கர் அம்பு போட்ட பிறகுதான் ஊசி.

இப்போது ராத்திரிக்கு வருகிறேன். நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில், இதே மாதிரி பெருவிரல் எலும்பு ஆபரேஷனுக்கு வந்த ஒரு அம்மாவுக்கு நான்தான் பிளாக் போட்டேன். பிரமாதமாக வேலை செய்தது. சாயங்காலம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். "வலி வந்தா மாத்திரை போடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். வலியே இல்லை, அதனால் அவர் மாத்திரை போடவில்லை, தூங்கிவிட்டார். ராத்திரி இரண்டரைக்கு பிளாக் விட்டது. எலும்பில் வெட்டின வலி முழுசாக ஒரே வீச்சில் வந்தது. மகனும் மருமகளும் அவரை ஆட்டோவில் படுக்கவைத்துத் திரும்ப அழைத்துவந்தார்கள். அன்று டியூட்டியில் இருந்ததும் நான்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலைல இருந்து ஒண்ணுமே இல்லையேம்மா, இப்ப ஏன் இப்படி" என்று கேட்டார். "வலி வந்தா" என்ற என் இரண்டு வார்த்தைதான் அவரை அங்கே கொண்டுவந்தது. அதற்குப் பிறகு யாரையும் அப்படிச் சொல்லி அனுப்பியதில்லை.

காலை பத்து மணிக்குப் போட்ட ரோபிவக்கெய்னோ பியூபிவக்கெய்னோ 12 மணி நேரம் நிற்பது சாதாரணம். பின்குழியில் போட்டால் 18, 24 மணி வரைகூடப் போகும். எந்த நிமிடம் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வலி இல்லாதபோதே மாத்திரை தொடங்கிவிட வேண்டும். "முதல் மாத்திரை எத்தனை மணிக்கு, அடுத்தது எத்தனை மணிக்கு" என்று மணிக்கணக்கில் எழுதி வாங்குங்கள். படுக்கப் போகுமுன் ஒரு வேளை கட்டாயம் இருக்க வேண்டும், நடு ராத்திரி வேளைக்கு உங்கள் போனில் அலாரம் வையுங்கள். பெரும்பாலும் அடிப்படை மருந்து பாராசிட்டமாலாக இருக்கும். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தையும் ஸ்டென்ட் இதயத்தையும் தொல்லைப்படுத்தும், மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். டிரமடால் என்ற வலி மருந்தை எழுதினால் தலைசுற்றலும் வாந்தியும் வரலாம், அந்த நேரத்தில் அம்மாவைத் தனியாக எழுந்து போக விடாதீர்கள்.

விடும்போது முதலில் எறும்பு ஊர்வது போல இருக்கும், விரல் அசைய ஆரம்பிக்கும், பிறகு விண்விண் என்று தெறிக்கும். எறும்பு ஊர ஆரம்பித்ததுமே சொல்லச் சொல்லுங்கள். இரண்டு தலையணை வைத்துக் கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கட்டும். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்கால் அடியில் தலையணையைக் கொடுங்கள். மரத்த காலில் அழுத்தப் புண் வந்தாலும் அம்மாவுக்குத் தெரியாது. அதே காரணத்தால் வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். பாசத்தோடு வெந்நீர்ப் பை வைத்து, மறுநாள் கொப்புளத்தோடு வந்த காலைப் பார்த்திருக்கிறேன். மாடிப்படி ஏறும்போது, பின்குழி பிளாக் என்றால், இரண்டு பேர் தாங்க வேண்டும். முடிந்தால் அந்த ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடுங்கள், உங்கள் வீட்டுப் படியை நினைத்தால் அதுதான் எனக்கு நிம்மதி.

மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால், விரலை லேசாக நீட்டினாலே துடித்தால், விரல் நுனி வெளுத்தோ நீலமாகவோ இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். கட்டு இறுகியிருக்கலாம், உள்ளே அழுத்தம் கூடியிருக்கலாம். இரண்டு நாள் தாண்டியும் மரத்தே இருந்தாலும் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு முந்தைய செக்கப்புக்குப் போகும்போது ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த அட்டை, கடைசி எக்கோ ரிப்போர்ட், மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டைகளும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் அவர் காலைத் தொட்டுப் பார்த்து, எந்தப் பிளாக் என்று அவரிடமே சொல்லட்டும்.